பழைய பிக்கப் வாங்கி நம்மளே பிரிச்சு ஓட வைக்கிறது எப்படி: ஏற்காடு மலை ஏறி இறங்குற அளவுக்கு முழு வழிகாட்டி

ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் ஷெட்டுக்குள்ள ஆறு வருஷமா அசையாம நின்ன மஹிந்திரா பிக்கப் ஒண்ண வாங்கினேன், 2112 சிசி பியூஜோ டீசல் என்ஜின் வண்டி. அதுக்கு முன்னாடி பைக்குக்கு ஆயில் மாத்துறது, செயின் டைட் வைக்கிறது, இதுதான் எனக்கு தெரிஞ்ச வேலை. வண்டிய டோ பண்ணி சேலத்துக்கு இறக்கிட்டு வந்த அன்னைக்கு கோரிமேட்டுல ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் வந்து சுத்தி பாத்துட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாரு. "தம்பி, இது ஓடுமான்னு அப்புறம் பாக்கலாம், முதல்ல நிக்குமான்னு பாரு." இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையிலதான் இருக்கும். நிறைய பேரு வாங்கின மறுநாளே டிங்கரிங், பெயிண்ட்னு ஆரம்பிச்சு கையில இருக்குற காச அங்கயே முடிச்சிடறாங்க, வண்டி பளபளன்னு இருக்கும் ஆனா பிரேக் பிடிக்காது. 20 கொண்டை ஊசி வளைவு இருக்குற ரோட்டுல அந்த வண்டிய இறக்க முடியாதுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி

முதல்ல ஆர்சி. சேசிஸ்ல, அதாவது வண்டிய தாங்குற அடிச்சட்டத்துல, அடிச்சிருக்குற நம்பரும் ஆர்சியில இருக்குற நம்பரும் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் போகணும், துரு மேல இருந்தா கம்பி பிரஷ் போட்டு தேச்சு, மேல பேப்பர் வச்சு பென்சில்ல தேய்ச்சு எடுங்க, நம்பர் தெளிவா விழும். என்ஜின் நம்பரும் அப்படித்தான், பழைய வண்டியில யாராவது என்ஜின் மாத்தி போட்டிருப்பாங்க, ஆர்சியில ஏத்தியிருக்க மாட்டாங்க, அது கடைசியில நம்ம தலையில விழும். லோன் பாக்கி இருக்கா, இன்சூரன்ஸ் எப்ப முடிஞ்சுது, மஞ்ச போர்டுன்னா எஃப்சி (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்று) எந்த தேதியோட நிக்குது, எல்லாம் பாருங்க. 8 வருஷம் தாண்டின மஞ்ச போர்டு வண்டிக்கு எஃப்சி வருஷா வருஷம் எடுக்கணும், அந்த செலவையும் கணக்குல சேத்துக்கங்க.

அப்புறம் துரு. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வண்டிக்கு அடியில போங்க. சேசிஸ்ல பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தொங்குற ஹேங்கர் பக்கம், குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் சேர்ற இடம், கேபின் மவுண்டிங், இங்க எல்லாம் நல்லா அழுத்தி குத்திப் பாருங்க. மேல மேல பொருக்கு உதிர்ந்தா பரவால்ல, ஸ்க்ரூ டிரைவர் உள்ள இறங்கிச்சுன்னா அந்த சேசிஸ் முதல் வண்டியா பழகுறவங்களுக்கு வேண்டாம், விட்டுடுங்க. கேபின் தரை, லோடு பாடி தரை ஓட்டையானா தகடு போட்டுக்கலாம், அது பெரிய விஷயமில்ல. எஸ்டேட் வண்டின்னா யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏத்தியிருப்பாங்க, சிந்தின உரம் மலை மேல இருக்குற ஈரத்த இழுத்து வச்சுக்கிட்டு தகட்ட உள்ளிருந்தே தின்னுடும். என் வண்டியில பாடி தரைக்கு மேல பலகை அடிச்சிருந்தாங்க, பலகைய தூக்கினா கீழ தகடு அப்பளம் மாதிரி நொறுங்குது. அதனால பலகை, ரப்பர் மேட் எது இருந்தாலும் தூக்கிப் பாக்காம விலை பேசாதீங்க.

காசு விஷயத்துல என் கணக்கு இதுதான், வண்டி என்ன விலையோ அதே அளவு காசு தனியா கையில இருந்தாத்தான் கை வைக்கணும்.

இடமும் சாமானும்

தரை கெட்டியா, மட்டமா இருக்கணும். மண் தரையில ஜாக்கி போட்டு வண்டிக்கு அடியில போகவே கூடாது. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான், தூக்கின உடனே ஸ்டாண்டு வச்சு எடைய அதுல இறக்கிடணும், தரையில இருக்குற சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை முட்டு கொடுக்கணும், அப்புறம் வண்டிய கையால நல்லா ஆட்டி பாத்துட்டு அடியில போகணும். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி வைக்காதீங்க, அது சொல்லாம கொள்ளாம உடையும்.

ஸ்பேனர் விஷயத்துல ஆரம்பத்துல எல்லாருமே மாட்டுற ஒரு இடம் இருக்கு. இந்த மாதிரி ஜீப் வம்சத்து வண்டியில பாடி, ஆக்சில் பக்கம் நட்டு போல்ட் பெரும்பாலும் இன்ச் சைஸ், பியூஜோ என்ஜின்ல எம்எம் சைஸ். அரை இன்ச் நட்டுக்கு 13 ஸ்பேனர் போகும், ஆனா லேசா லூசா இருக்கும், துரு பிடிச்ச நட்டுல அதப் போட்டு இழுத்தா முனை மழுங்கிடும், அப்புறம் உளி வச்சு வெட்டித்தான் எடுக்கணும். அதனால ரெண்டு செட்டும் வேணும், ரிங் ஸ்பேனரும் பாக்ஸும் நல்ல கம்பெனியா வாங்குங்க, டபுள் எண்ட் ஸ்பேனர் சுமாரா இருந்தாலும் போதும். கூடவே ஒரு மல்டிமீட்டர், கிரீஸ் கன், கம்பி பிரஷ், டார்க் ரெஞ்ச் இருந்தா போதும், மத்தத தேவைப்படும்போது வாங்கிக்கலாம்.

கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, கழட்டும்போது எடுங்க, கழட்டின பிறகும் எடுங்க. ஒவ்வொரு பாகத்தோட நட்டு போல்ட்டையும் தனித்தனி கவர்ல போட்டு எங்க உள்ளதுன்னு எழுதுங்க. வர மாட்டேங்குற போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே டீசல் கலந்த ஆயில் விட்டு ஊற வைங்க, காலையில ஒரு தட்டு தட்டிட்டு முதல்ல டைட் பக்கம் லேசா அசைச்சுட்டு அப்புறம் லூஸ் பண்ணுங்க. ரொம்ப முக்கியம், ஒரே நேரத்துல மொத்த வண்டியையும் பிரிக்காதீங்க. ஒரு வேலைய முடிச்சு மாட்டிட்டு அடுத்ததுக்கு போங்க, பாதி பிரிச்சு மூட்டை கட்டி வச்ச வண்டிங்கதான் கடைசியில எடைக்கு போகுது.

பிரேக்

வேலைய இங்கதான் ஆரம்பிக்கணும், அதிக நேரமும் இதுக்குத்தான் கொடுக்கணும். இந்த வயசு வண்டியில நாலு பக்கமும் டிரம் பிரேக் இருக்கும், பழசுல பலதுல ஒரே சர்க்யூட், அதாவது ஒரு சக்கரத்துல ஆயில் ஒழுகினா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும்.

பின்னாடி வலது டிரம்மதான் நான் முதல்ல திறந்தேன். அட்ஜஸ்ட்மென்ட்ட லூஸ் பண்ணி, டிரம்ம சுத்தி ரப்பர் சுத்தியால தட்டித் தட்டி இழுத்தா அரை மணி நேரம் கழிச்சு வந்துச்சு. உள்ள பாத்தா லைனர் (டிரம்ம உரசிப் பிடிக்கிற பாகம்) தேஞ்சு ரிவெட் தலை டிரம்முல கோடு போட்டிருக்கு, ஆயில் பிரஷர்ல லைனர தள்ளுற வீல் சிலிண்டரோட ரப்பர் பூட்ட விரலால தள்ளினா உள்ள இருந்து டீ டிகாஷன் மாதிரி பழுப்பா தண்ணி வருது, பிஸ்டன் துருவுல ஒட்டிப் போயி அசையல. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சுற சாமான், வருஷக்கணக்கா மாத்தாம விட்டா சிலிண்டருக்குள்ள இப்படித்தான் ஆகும். அந்த மாதிரி குழி விழுந்த சிலிண்டருக்கு வெறும் கப் கிட் (உள்ள இருக்குற ரப்பர் சீல் செட்) மட்டும் போட்டா ரெண்டு மாசத்துல மறுபடி ஒழுகும், சிலிண்டரே புதுசு போட்டுடுங்க. பெடல மிதிச்சா ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டரும் அப்படித்தான். டிரம்ம லேத்துல கொடுத்து கோடு எடுங்க, ஆனா டிரம்முலயே அதிகபட்ச அளவு அடிச்சிருப்பாங்க, அதத் தாண்டி கடைசல் பிடிக்க விடாதீங்க.

ஒரு எச்சரிக்கை. பழைய லைனர் தூசியில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அத கம்ப்ரசர் காத்து அடிச்சு பறக்க விடாதீங்க, ஈரத்துணியால துடைச்சு துணிய கவர்ல கட்டி போடுங்க, மாஸ்க் போட்டுக்கங்க.

இப்ப நான் பண்ணின தப்பு. சிலிண்டர், லைனர், கப் எல்லாம் புதுசு போட்டேன், முன்னாடி இருக்குற ரப்பர் ஹோஸ் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, வெளியில வெடிப்பு இல்ல, அதனால அப்படியே விட்டுட்டேன். பின்னாடி என்ஜின் எழும்பின பிறகு அடிவாரம் வரைக்கும் ஓட்டிட்டு வந்தா முன்னாடி இடது சக்கரத்துல கருகின வாடை, ஹப்ப கிட்ட கைய கொண்டு போக முடியல. ஜாக்கி போட்டு சுத்தினா சக்கரம் சுத்தவே இல்ல. வீல் சிலிண்டர்ல காத்து வெளியேத்துற பிளீடிங் நிப்பிள திறந்தேன், சர்ருன்னு ஆயில் பீச்சிட்டு சக்கரம் ஃப்ரீ ஆயிடுச்சு, அப்படின்னா பிரஷர் உள்ள மாட்டிக்கிட்டு இருந்திருக்கு. மறுபடி பெடல மிதிச்சு மாட்ட வச்சுட்டு, இந்த தடவை ஹோஸுக்கு மேல இரும்பு பைப் சேர்ற இடத்துல நட்ட லூஸ் பண்ணேன், சக்கரம் ஃப்ரீ ஆகல. அப்ப பிரச்சனை மாஸ்டர்ல இல்ல, ஹோஸ்ல. அறுத்துப் பாத்தா உள் ரப்பர் ஊதிப் போயி ஊசி நுழையற அளவுதான் ஓட்டை. மிதிக்கிற பலத்துல ஆயில் உள்ள போயிடும், திரும்பி வர்றதுக்கு பலம் இல்ல. ஹோஸ் எவ்ளோ நல்லா தெரிஞ்சாலும் வண்டியில இருக்குற எல்லாத்தையும் மாத்திடுங்க, இரும்பு பைப்புல துரு குழி இருந்தா அதையும் மாத்துங்க.

ஏர் எடுக்குறது, அதாவது பிரேக் லைன்ல மாட்டின காத்த வெளியேத்துறது, மாஸ்டர்ல இருந்து தூரமா இருக்குற சக்கரத்துல ஆரம்பிக்கணும், நம்ம ஊரு வண்டிக்கு பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியா முன் வலது. ஒருத்தர் பெடல மிதிச்சு பிடிக்க, ஒருத்தர் நிப்பிள திறந்து மூட, ட்ரான்ஸ்பரண்ட் ட்யூப் ஒண்ண நிப்பிள்ல மாட்டி பாட்டில்ல விட்டா குமிழி வர்றது தெரியும். நடுவுல மாஸ்டர் டப்பா காலியாக விடாதீங்க. வண்டிக்கு சொல்லியிருக்குற டாட் 3 இல்ல டாட் 4 ஆயில் மட்டும்தான், அவசரத்துக்குன்னு என்ஜின் ஆயிலோ வேற ஆயிலோ ஒரு சொட்டு விட்டாலும் ரப்பர் எல்லாம் ஊதிப் போயிடும். பெயிண்ட் மேல பிரேக் ஆயில் பட்டா பெயிண்ட் உரியும், உடனே தண்ணி விட்டு கழுவுங்க.

ஸ்டியரிங், பட்டை, டயர்

முன்னாடி சக்கரத்த தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா கிங்பின்னோ (சக்கரம் திரும்புற அச்சு) வீல் பேரிங்கோ, இன்னொருத்தர பிரேக் மிதிக்க சொல்லுங்க, மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங், நிக்கலன்னா கிங்பின் பக்கம். பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டினா, ஸ்டியரிங்க சக்கரத்தோட சேர்க்குற டை ராடு எண்ட் தேய்மானம் தெரியும். பட்டையில மெயின் பட்டை ஒடிஞ்சிருக்கா, சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கான்னு பாருங்க, ஷேக்கிள் புஷ் எல்லாம் மாத்துங்க, விலை கம்மிதான். டயர்ல பட்டன் (ரோட்ட பிடிக்கிற ரப்பர் கட்டை) இருக்கேன்னு ஏமாறாதீங்க, பக்கவாட்டுல கடைசி நாலு நம்பர் பாருங்க, 2319ன்னு இருந்தா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது. பல வருஷம் நின்ன வண்டி டயர் வெடிப்பு விட்டிருந்தா மலைக்கு எடுத்துட்டு போகவே கூடாது.

என்ஜின் எழுப்புறது

ரொம்ப நாள் நின்ன என்ஜின பேட்டரி மாட்டின உடனே செல்ஃப் அடிக்காதீங்க. சிலிண்டர் சுவர்ல ஆயில் காஞ்சிருக்கும், ரிங் ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட் ஆகுறதுக்கு சிலிண்டர் உள்ள சூடாக்குற ஹீட்டர் பிளக் நாலையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு மூணு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் நியூட்ரல்ல வச்சு கிராங்க் புல்லி நட்டுல பெரிய ஸ்பேனர் போட்டு கையால மெதுவா சுத்துங்க. சுத்தினா பாதி நிம்மதி. இறுக்கமா நின்னா பலம் கொடுக்காதீங்க, இன்னும் ரெண்டு நாள் ஊற விடுங்க. கழட்டின ஹீட்டர் பிளக்க மல்டிமீட்டர்ல பாத்துடுங்க, சரியா இருக்குறது ரொம்ப கம்மி ஓம்ஸ் காட்டும், ஒண்ணுமே காட்டலன்னா அது போயிடுச்சு. பியூஜோ என்ஜின் ஹீட்டர் இல்லாம குளிருல எழும்பாது, ஏற்காட்டுல மார்கழி காலையில இத நல்லாவே உணருவீங்க.

டேங்க்ல இருக்குற பழைய டீசல் முழுசா இறக்கிடுங்க. என் டேங்க்ல அடியில சேறு மாதிரி கருப்பா ஒண்ணு இருந்துச்சு, டேங்க்க கழட்டி உள்ள ஒரு முழம் செயினும் கொஞ்சம் டீசலும் போட்டு நல்லா குலுக்கி மூணு தடவை அலசினேன். டேங்க்ல ஓட்டை இருந்தா நீங்களே வெல்டிங் வைக்க போகாதீங்க, காலி டீசல் டேங்க்கும் வெடிக்கும். டீசல் ஃபில்டர், என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர் புதுசு போடுங்க. ஏர் ஃபில்டர் ஆயில் பாத் வகையா இருந்தா கழுவிட்டு கோடு வரைக்கும் புது ஆயில் ஊத்துங்க, கோட்டுக்கு மேல ஊத்தினா என்ஜின் அத உறிஞ்சிடும்.

அடுத்தது ஏர் லாக், அதாவது டீசல் லைன்ல மாட்டின காத்து. ஃபில்டர் மேல இருக்குற பிளீடிங் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி ஹேண்ட் பம்ப்ப அடிச்சுட்டே இருங்க, நுரையா வந்து அப்புறம் சுத்தமான டீசலா வரும், டைட் பண்ணுங்க. டீசல் பம்ப்லயும் அதே மாதிரி. கடைசியா சிலிண்டருக்குள்ள டீசல பீச்சுற நாசிலோட பைப் நட்ட அரை சுத்து லூஸ் பண்ணிட்டு செல்ஃப் அடிச்சா டீசல் கசியும், அப்ப டைட் பண்ணணும். கசியுற இடத்துல கைய வைக்காதீங்க, அந்த பிரஷர் தோல ஊசி மாதிரி குத்தி டீசல உள்ள ஏத்திடும், அது சின்ன காயமா தெரியும் ஆனா உடனே ஆஸ்பத்திரி போகணும். நாசில் நாலையும் பம்ப் சர்வீஸ் பண்றவங்ககிட்ட கொடுத்து டெஸ்ட் பண்ணிடுங்க, இத வீட்டுல பண்ண முடியாது.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தட்டையான மரப்பலகைய ஏர் இன்டேக் வாய் கிட்ட தயாரா வச்சுக்கங்க. சில சமயம் டீசல் என்ஜின் ஆயில குடிச்சுட்டு சாவி ஆஃப் பண்ணாலும் நிக்காம ரேஸ் ஆகிட்டே போகும், பலகையால வாய அடைச்சா காத்து இல்லாம நின்னுடும். கையால அடைக்காதீங்க.

என் வண்டி மூணாவது தடவைதான் எழும்புச்சு. ரெண்டு சிலிண்டர் மட்டும் டக் டக்குனு, வெள்ளை புகை ஷெட் முழுக்க, அப்புறம் மூணாவது, அப்புறம் நாலாவதும் சேந்து ஒரே சீரா வந்தப்போ நான் ஆயில் பிரஷர் மீட்டர மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன், நீங்களும் அதத்தான் பாக்கணும். சில செகண்டுல முள்ளு ஏறலன்னா உடனே ஆஃப் பண்ணுங்க. வெள்ளை புகை சூடானதும் நின்னா எரியாத டீசல்தான், நிக்காம இருந்து ரேடியேட்டர்ல தண்ணியும் குறைஞ்சா என்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்குற ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. டிப் ஸ்டிக்ல ஆயில் பால் காபி கலர்ல வந்தாலும் அதுவேதான். நீல புகை ஆயில் எரியுது, கருப்பு புகைன்னா காத்து பத்தல இல்ல டீசல் அதிகம்.

தண்ணி சமாச்சாரம்

மலை ஏறுற வண்டிக்கு இத தனியா சொல்லணும். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், அந்த உயரத்துல திறந்த பாத்திரத்துல தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சுடும். ரேடியேட்டர் மூடி பிரஷர் பிடிச்சு வச்சாத்தான் கொதிக்காம நிக்கும், அதனால தேஞ்ச மூடிய மாத்திடுங்க, சின்ன சாமான்தான். ரேடியேட்டர கழட்டி கம்பி விட்டு சுத்தம் பண்ற கடையில கொடுங்க, ஹோஸ், ஃபேன் பெல்ட் புதுசு. சில பேரு சூடு ஏறுதுன்னு தெர்மோஸ்டாட்ட (என்ஜின் சூடானதும் தண்ணிய ரேடியேட்டருக்கு திறந்து விடுறது) கழட்டி எறிஞ்சிடுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, என்ஜின் சூடாகவே நேரம் ஆகும், டீசல் சரியா எரியாது. புதுசு வாங்கி வெந்நியில போட்டு திறக்குதான்னு பாத்துட்டு மாட்டுங்க. வெறும் போர் தண்ணி ஊத்தினா உப்பு படியும், கூலன்ட் கலந்து ஊத்துங்க.

வயரிங்ல பாதி பிரச்சனை எர்த்துதான். பேட்டரி நெகட்டிவ், என்ஜின், சேசிஸ் சேர்ற இடத்த எல்லாம் பளபளன்னு தேச்சு டைட் பண்ணுங்க. வெடிச்ச வயர டேப் சுத்தி ஓட்டாம மாத்திடுங்க, ஃப்யூஸுக்கு பதிலா கம்பி கட்டியிருந்தா அத முதல்ல எடுங்க. கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில் மாத்துங்க, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ்க்கு கிரீஸ் அடிங்க.

டிங்கரிங், பெயிண்ட்

இப்பதான் பாடி. துரு தின்ன இடத்த நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு புதுசு வைக்கணும், கேபின் தரைக்கு 18 கேஜ், லோடு தரைக்கு அதவிட தடிமனா. மெல்லிசு தகட்டுக்கு சிஓ2 வெல்டிங்தான் சரி, ஆர்க் வச்சா ஓட்டை விழும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரிய கழட்டிடுங்க. லோடு பாடிய நான் சங்ககிரியில லாரி பாடி கட்டுற ஒரு பட்டறையில கொடுத்தேன், அவங்க கைக்கு இது ரெண்டு நாள் வேலை. தண்ணி வடியுற ஓட்டைய அடைச்சிடாம பாத்துக்கங்க. துரு மேல பட்டி பூசினா ஒரு மழைக்கு அப்புறம் கொப்புளம் வந்துடும், இரும்பு வெள்ளையா தெரியுற வரைக்கும் தேச்சுட்டு பிரைமர், அப்புறம்தான் பட்டி.

பெயிண்ட்ட ஏற்காட்டுல வச்சு அடிக்காதீங்க. மூடுபனி ஈரத்துல பெயிண்ட் காயும்போது மேல வெள்ளையா பூத்துடும். சேலத்துல மாசி, பங்குனி வெயில்ல அடிங்க. கலர் மாத்தினா ஆர்சியிலயும் மாத்தணும், அதனால நான் பழைய கலரே அடிச்சேன்.

மலை ஏத்துறது

எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாம் கையில வந்த பிறகு, முதல்ல சமதரையில 50 கிலோமீட்டர் ஓட்டுங்க. அப்புறம் அடிவாரத்துல இருந்து ரெண்டு மூணு வளைவு ஏறி, ஓரமா நிறுத்தி, நாலு டிரம் மேலயும் ரெண்டு சொட்டு தண்ணி விட்டு பாருங்க. ஒண்ணு மட்டும் சுர்ருன்னா அந்த சக்கரத்துல பிரேக் பிடிச்சுட்டு இருக்கு. திரும்பி வந்து கீழ எல்லா ஜாயிண்ட்டையும் டார்ச் அடிச்சு பாத்துட்டு மறுநாள் முழுசா ஏறுங்க. இறங்கும்போது எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர், பிரேக்க விட்டு விட்டு மிதிக்கணும், நியூட்ரல் வேண்டவே வேண்டாம்.

500 கிலோமீட்டர் ஆனதும் பட்டைய ஆக்சிலோட கட்டுற யூ போல்ட், வீல் நட்டு, பாடி மவுண்டிங் எல்லாம் மறுபடி டைட் வைங்க, என்ஜின் ஆயில இன்னொரு தடவை மாத்துங்க, பிரேக் அட்ஜஸ்ட் பண்ணுங்க. என் வண்டியில பின் இடது யூ போல்ட் நட்டு அந்த நேரத்துல ஒரு முழு சுத்து சுத்துச்சு.